ஒரே தடத்தில் ஆறு பேர்

பொது நீச்சல் குளத்தில் யாரும் யாரோடும் வாய்ச்சண்டை போடுவதில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும் என்பது ஒரு காரணம். நம்மை இடித்தவர் யார் என்று தெரிந்துகொள்வதற்குள் அவர் பத்து மீட்டர் தள்ளிப் போயிருப்பார் என்பது இன்னொரு காரணம். தலையில் இறுக்கமான தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. தண்ணீருக்குள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் போலத்தான் தெரிவார்கள். அதனால், குளத்தில் ஏற்படும் எரிச்சல் வெளியே வராமல் மனத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கரையேறித் தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படும்போது அதுவும் கூடவே வருகிறது.

எங்கள் ஊரான குளுவாங்கில் உடற்பயிற்சி என்றதும் பெரும்பாலோருக்கு குனோங் லம்பாக்தான் நினைவுக்கு வரும். 510 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் விடியற்காலையில் ஏறி இறங்குவது. பிறகு, ரயில் நிலையத்தில் 1938ஆம் ஆண்டு தொடங்கிய காப்பிக்கடையை நோக்கி நடந்து, மலையில் குறைத்த எடையை ரொட்டியும் வெண்ணெயுமாக ஈடுகட்டுவது. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். நாற்பது வயதைத் தாண்டியதும் முழங்கால் முரண்டு பிடித்தது. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்கு அதிகச் சுமை என்று விளக்கிய மருத்துவர், நீந்தச் சொன்னார். நெஞ்சளவு தண்ணீரில் நின்றாலே கால்கள் தாங்கும் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார். அன்றுமுதல் வாரத்தில் மூன்று மாலை, வேலை முடிந்ததும் நீந்தப் போகிறேன். நான் செய்வது சுற்று நீச்சல். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், சுவரைத் தொட்டு, திரும்பி வருவது. பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டும் வேலை. நீந்துபவருக்கோ, கைப்பேசி ஒலிக்காத முக்கால் மணி நேரம்!

அந்த முக்கால் மணி நேரம் முழுமையாகக் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.

தண்ணீருக்குள் முகத்தை வைத்தவுடன் மனிதர் பாதிக் குருடாகவும் முக்கால் செவிடாகவும் ஆகிவிடுகிறார். கண்ணாடியில் பனி படரும். காதில் தண்ணீர் அடைக்கும். முன்னால் போகிறவருடைய உள்ளங்கால்களும் அவற்றைச் சுற்றியுள்ள நுரையும் தெரிந்தால் பெரிது. எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பு கீழே இறங்கி வேகம் குறைந்துவிடும். நடைபாதையில் இருவர் எதிரெதிரே வந்தால், ஒரு பார்வை, ஒரு புன்னகை, கொஞ்சம் ஒதுங்கல் என்று எளிதில் தீர்ந்துவிடுகிறது. தண்ணீருக்குள் அந்த வசதி எதுவும் இல்லை.

போதாக்குறைக்குத் தரையில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. தடத்தின் நடுவே, நேராக, பளிச்சென்று. புதிதாக வருபவர்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நீந்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோடு என்றால் அதன்மேல் போவதற்குத்தானே என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அது போட்டிக்காகப் போடப்பட்ட கோடு. ஒலிம்பிக் குளத்தில் ஒரு தடத்தின் அகலம் 2.5 மீட்டர்; அதில் ஒரே ஒருவர்தான் நீந்துவார். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் நீச்சல் மையத்தில் வீரர்கள் கோட்டைக் கண்ணும் கருத்துமாகப் பின்தொடர்ந்தார்கள் என்றால், அந்தத் தடம் முழுவதும் அவர்களுக்கே சொந்தம். பொதுக்குளத்தில் அதே 2.5 மீட்டரை ஐந்தாறு பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம். போக ஒரு பாதி, வர ஒரு பாதி. அப்படியானால் நடுக்கோடு என்பது சாலையின் நடுவே உள்ள வெள்ளைக் கோட்டைப் போன்றது. அதன்மேல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. ஆனால், இதைச் சொல்லும் பலகை எதுவும் தண்ணீருக்கு அடியில் இல்லை.

சரி, போக ஒரு பாதி, வர ஒரு பாதி என்று முடிவாகிவிட்டது. எந்தப் பாதி? இங்கேதான் வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் சாலையைப் போலவே குளத்திலும் இடப்பக்கம். அமெரிக்காவில் வலப்பக்கம். பிரிட்டனின் பல குளங்களில் ஒரு தடம் கடிகாரச் சுற்று, அடுத்த தடம் எதிர்ச்சுற்று என்று மாற்றி மாற்றி எழுதி வைத்திருப்பார்கள். பார்க்கக் குழப்பமாகத் தெரிந்தாலும் அதில் ஒரு நுட்பம் உண்டு. அடுத்தடுத்த தடங்களில் கயிற்றின் இருபுறமும் நீந்துபவர்கள் அப்போது ஒரே திசையில் போவார்கள். கைகள் தவறித் தட்டிக்கொண்டாலும் அடி பலமாக இருக்காது. எங்கள் குளத்துக்கோ சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் வருகிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள் வருகிறார்கள். காணொளி பார்த்து நீந்தக் கற்றவர்களும் வருகிறார்கள். ஒவ்வொருவரும் தம் பக்கமே சரியென்று உறுதியாக நம்புகிறார்கள். இரண்டு சரிகள் எதிரெதிரே வந்தால் நெற்றிதான் புடைக்கும்.

கடலை நீந்திக் கடந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1954ஆம் ஆண்டு இலங்கையின் வடகரையிலிருந்து தமிழகக் கரைக்கு நீந்திய நவரத்தினசாமி, 1994ஆம் ஆண்டு சிறுவனாகவே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த குற்றாலீஸ்வரன், 2003ஆம் ஆண்டு அதே கால்வாயைக் கடந்த நம் நாட்டின் அப்துல் மாலிக் மைடின் ஆகியோரை எண்ணிப் பார்க்கிறேன். குளிரையும் நீரோட்டத்தையும் ஜெல்லி மீன்களையும் சமாளிக்க வேண்டிய பாதை அது. ஆனால், எதிரே வந்து முட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் குளத்தில் ஒரு மணி நேரம் நீந்திப் பார்க்கட்டும் என்று சில நாள்களில் நினைத்துக்கொள்வேன். அந்தப் பெரிய நீச்சல்காரர்கள் என்னைப் பொறுத்துக்கொள்வார்களாக!

பக்கத்தைவிடப் பெரிய சிக்கல் வேகம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குளத்தின் நீளம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அந்த 25 மீட்டரை 30 விநாடியில் கடக்கிறார்; இன்னொருவருக்கு 45 விநாடி ஆகிறது. நடந்து பார்த்தால் இது பெரிய வேறுபாடாகவே தோன்றாது. ஆனால், போய்த் திரும்ப முதலாமவருக்கு 60 விநாடி, இரண்டாமவருக்கு 90 விநாடி. இருவரும் ஒன்றாகப் புறப்பட்டால் மூன்றாவது நிமிடத்தில் முதலாமவர் 150 மீட்டரும் இரண்டாமவர் 100 மீட்டரும் நீந்தியிருப்பார்கள். அதாவது, சரியாக ஒரு முழுச் சுற்று முன்னால் போய், மெதுவாக நீந்துபவரின் காலடியில் வந்து நிற்பார். மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை இப்படி நடக்கும். தடத்தில் இருவர் இருந்தாலே இந்தப் பாடு. ஆறு பேர், ஆறு வேகம் என்றால் கணக்கு எங்கே போய் முடியும்?

முந்திச் செல்ல உலகெங்கும் ஒரு வழக்கம் உண்டு. பின்னால் வருபவர் முன்னே போகிறவரின் பாதத்தை விரலால் ஒருமுறை மெல்லத் தொடுவார். தொடப்பட்டவர் அடுத்த சுவரில் ஓர் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார். எளிமையான, அமைதியான ஏற்பாடு. ஆனால், அது ஏற்பாடு என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மற்ற தொல்லைகளைச் சொல்லப் போனால் பட்டியல் அனுமார் வால் போல நீளும். மார்பு நீச்சலில் தவளையைப் போல் காலை அகல விரித்து, பக்கத்தில் போகிறவரின் விலாவில் உதைப்பவர். மல்லாந்து நீந்திக்கொண்டு, வானத்தைப் பார்த்த சந்தோஷத்தில் தடம் மாறி வருபவர். தடத்தின் குறுக்கே மிதவைப் பலகையோடு புகுந்து பெயரும் பள்ளியும் சொல்லிப் பேச்சுக் கொடுக்கும் ஐந்து வயதுக் குழந்தை. குழந்தைமேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. தண்ணீரில் நடப்பவர்கள்மேலும் வருவதில்லை. மூட்டுவலிக்காக நெஞ்சளவு தண்ணீரில் கைவீசி நடக்கும் அம்மாக்களைப் பார்த்து முகம் சுளிக்கும் சிலர், தங்களுக்கும் முழங்கால்கள் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். எனக்குப் பொறுக்க முடியாதது சுவர்க் கூட்டம்தான். தடத்தின் முனையில் நான்கு பேர் தோளோடு தோள் உரசி நின்று, வீட்டுக் கடன், மாப்பிள்ளை, காய்கறி விலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நீந்தி வருபவர் தொடுவதற்குச் சுவரில் ஒரு சாண் இடம் இருக்காது. அவர்கள் நல்லவர்கள்தான். நாம் வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சிரிப்பார்கள், நகரத்தான் மாட்டார்கள்.

கயிறு கட்டாத நாள்களில் அலையும் சேர்ந்துகொள்ளும். தடங்களைப் பிரிக்கும் கயிற்றில் கோத்திருக்கும் வண்ண வளையங்கள் அழகுக்காக அல்ல. அலை வந்து மோதும்போது அவை சுழன்று அதன் வேகத்தைக் குறைக்கின்றன. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் மல்லாந்து நீச்சலில் தங்கம் வென்ற அடால்ஃப் கீஃபர் என்னும் அமெரிக்கர்தான் பிற்காலத்தில் இப்படி அலையை அடக்கும் கயிற்றை உருவாக்கினார். நீந்தியவருக்குத்தான் நீந்துபவரின் தொல்லை தெரியும் போலும்!

இன்னொரு தொல்லையில் நம்மவர்களுக்குச் சிறப்புப் பங்கு உண்டு. தலை நிறைய எண்ணெய் தடவி, வாரிப் பின்னி, குளிக்காமல் அப்படியே குளத்தில் இறங்குவது. சிறிது நேரத்தில் தண்ணீரின்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிகிறது. வியர்வையும் சிறுநீரும் தெரிவதில்லை. குளத்தில் மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வருமே, அதைக் குளோரின் அதிகமானதால் வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. நம் உடலிலிருந்து சேரும் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் வினைபுரிந்து குளோரமின் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. வாடையும் கண் எரிச்சலும் பெரும்பாலும் அவற்றால் வருபவை. குளத்தில் இறங்கும் முன் ஒரு நிமிடம் நன்றாகக் குளித்தாலே இது வெகுவாகக் குறையும். குளியலறைக் குழாயில் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்பதற்காக இரண்டு விரலை மட்டும் நனைத்துக்கொண்டு ஓடிவருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் மழை. ஜோகூரில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் பிற்பகலானால் இடி முழங்கத் தொடங்கிவிடும். முதல் இடி கேட்டதும் உயிர்காப்பாளர் ஊதலை ஊதி எல்லாரையும் கரையேற்றிவிடுவார். பரந்த நீர்ப்பரப்பில் நீட்டிக்கொண்டிருப்பது நம் தலை மட்டுமே என்பதால், இதில் அவரோடு வாதம் செய்வது அறிவீனம். கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஐந்து மணிக்கு வந்தவரும், ஆறு மணிக்கு வந்தவரும், ஏழு மணிக்கு வந்தவரும் ஒன்றாகக் கூரையின்கீழ் துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்பார்கள். மறுபடியும் ஊதல் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு மாலையில் நடந்தது.

எங்கள் குளத்துக்கு ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முழுக்கை நீச்சல் உடை, கணுக்கால்வரை காற்சட்டை, மகள் வாங்கிக் கொடுத்த ஊதா நிறத் தொப்பி. நீச்சல் வகுப்பில் பேரப் பிள்ளைகள் வயதுடையவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டு, பிறகு தனியாக நீந்தத் தொடங்கினார். குளத்தின் பாதித் தூரம் போவார், நின்று மூச்சு வாங்குவார், மீண்டும் போவார். ஒருநாள் நிற்காமல் மறுமுனையைத் தொட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார். நான் கைதட்டினேன். “பார்த்தியா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அந்த மழை மாலையில் அவர் நீந்திய தடத்திலேயே நான்கு மாணவர்களும் இறங்கினார்கள். பள்ளிகளுக்கிடையிலான மாவட்ட நீச்சல் போட்டிக்குப் பயிற்சி செய்பவர்கள்; நல்ல வேகம். முதலில் வந்தவன் அக்காவின் பாதத்தைத் தொட்டான். அக்கா திடுக்கிட்டு நின்றுவிட்டார். அவன் சுற்றிக்கொண்டு முன்னே போனான். அடுத்தவனும் தொட்டான். மூன்றாமவன் தொடவில்லை; நடுத்தடத்தில் திடீரென்று நின்றவரை அவன் எதிர்பார்க்கவே இல்லை. அவன் தோள் அக்காவின் முதுகில் மோதியது. அவர் தண்ணீருக்குள் அமிழ்ந்து, இருமிக்கொண்டு எழுந்தார். உயிர்காப்பாளர் கை கொடுத்துக் கரையேற்றினார். காயம் ஒன்றுமில்லை. துண்டை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. வேகமாக நீந்துபவர் ஒருநாள் வராவிட்டால், எங்கே ஆளைக் காணோம் என்று நான்கு பேர் கேட்பார்கள். மெதுவாக நீந்துபவர் வராவிட்டால் தடத்தில் நெரிசல் குறைந்தது என்று தண்ணீர்கூட நினைத்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் அவரை இரவுச் சந்தையில் கண்டேன். கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“அவனுக காலைத் தொட்டதும் எனக்கு ஒண்ணுமே புரியல தங்கச்சி. கால்ல விழுந்து கும்பிட நான் என்ன சாமியா? இல்ல, வேணும்னே காலை வாருறானுகளான்னு நெனச்சேன். மூணாவது ஆள் இடிச்சதும், பழைய பயம் எல்லாம் திரும்பி வந்துருச்சு.”

பழைய பயம் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. அவருடைய தம்பி, எட்டு வயதில், தோட்டத்தை ஒட்டிய ஆற்றில் குளிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. அந்த நாளிலிருந்து அவருடைய அம்மா பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் ஜோகூரைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்தில் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறார். ஒவ்வோர் அடிக்கும் கால் நடுங்கியதாம். 2023ஆம் ஆண்டு மார்ச்சில் குளுவாங் வட்டாரத்தில் மறுபடியும் வெள்ளம் வந்தபோது, இந்த நடுக்கத்தோடு சாகக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்.

“வெள்ளத்துல நீந்தவா போறேன்? தண்ணியப் பார்த்தா கைகால் வெலவெலக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

மறுநாள் அந்த மாணவர்களிடம் பேசினேன். சண்டை பிடிக்கும் எண்ணத்தோடுதான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இடித்தவன் ஐந்தாம் படிவத்தில் படிக்கும் சீன மாணவன். மலாய் மொழியில் பேசிக்கொண்டோம். என்னைப் பேசவிட்டு, பிறகு அவன் சொன்னான்: “ஆண்ட்டி, எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. பாட்டிக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தேன். காலைத் தொடுவது அனுமதி கேட்பது என்றுதான் எங்கள் பயிற்றுநர் சொல்லிக் கொடுத்தார். போட்டிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. எங்களுக்கும் வேறு குளம் இல்லை.”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவர்களும் பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, பேருந்து பிடித்து வருபவர்கள். அவர்களுடைய வேகமும் குற்றமல்ல. அக்காவின் மெதுவும் குற்றமல்ல. தொட்டவனுக்கு ஒரு பொருள், தொடப்பட்டவருக்கு வேறொரு பொருள். தண்ணீருக்குள் இறங்கிய பிறகு இதைப் பேசித் தீர்க்க வழியில்லை. பேச வேண்டியதைக் கரையிலேயே பேசியாக வேண்டும். அந்தக் குளத்தில் எத்தனையோ ஆண்டுகளாக எல்லாரும் நீந்திக்கொண்டிருக்கிறோம். ஒருவரும் கரையில் நின்று பேசியதில்லை.

நாங்கள் ஐந்து பேரும் உயிர்காப்பாளரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். ஆனால், பலகை எழுதி வைப்பது தம் வேலையா என்று முதலில் தயங்கினார். பிறகு, பழைய வெள்ளைப் பலகை ஒன்றைக் கிடங்கிலிருந்து எடுத்து வந்தார். மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை ஒரு தடம் வேகமாக நீந்துபவர்களுக்கு, ஒரு தடம் மெதுவாக நீந்துபவர்களுக்கு. இரண்டிலும் சாலையைப் போலவே இடப்பக்கம் போக வேண்டும். முந்த நினைப்பவர் நடுவழியில் முந்தக் கூடாது. சுவரில்தான் முந்த வேண்டும். ஓய்வெடுப்பவர் மூலையில் நிற்க வேண்டும். அந்தச் சீன மாணவன் அம்புக்குறிகளை அழகாக வரைந்தான். மலாயில் எழுதிய பிறகு, சீனத்திலும் தமிழிலும் எழுதினோம். தமிழில் எழுதும் பொறுப்பு என்னுடையது. “மெதுவாக நீந்துபவர்கள்” என்று எழுதப் போனவள், அது யாரையும் குத்திக்காட்டுவது போல் இருக்குமோ என்று எண்ணி, “நிதானத் தடம்” என்று எழுதினேன். அந்தச் சொல்லைப் பார்த்துத் தமிழ் தெரிந்த இரண்டு வேக நீச்சல்காரர்கள் நிதானத் தடத்துக்கே மாறிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

பலகை வைத்ததும் குளம் சொர்க்கமாகிவிடவில்லை. முதல் மழையிலேயே பாதி எழுத்துகள் அழிந்தன. பள்ளி விடுமுறையில் குழந்தைகள் தடம், பக்கம், அம்புக்குறி எதையும் மதிக்காமல் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தார்கள். பலகையைப் படித்துவிட்டு, “இது யார் போட்ட சட்டம்?” என்று கேட்டவரும் உண்டு. “நீந்துபவர்கள் போட்டது” என்று உயிர்காப்பாளர் பதில் சொன்னார். கேட்டவர் சிறிது நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு, இடப்பக்கமாக இறங்கி நீந்தினார்.

நான் அக்காவுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். வரவில்லை. பலகையைப் படமெடுத்து அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, இடியும் மழையும் இல்லாத நாளில், ஊதா நிறத் தொப்பி நிதானத் தடத்தில் தெரிந்தது. முதல் நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுநாள் பாதித் தூரம் நீந்தினார். வேகத் தடத்திலிருந்து மாணவன் ஒருவன் தலையைத் தூக்கி, “பாட்டி, ஓகேயா?” என்று மலாயில் கேட்டான். “ஓகே, நீ போ போ” என்று அவர் கையை ஆட்டினார். போட்டியில் அந்த நால்வரும் தொடர் நீச்சலில் மூன்றாம் இடம் பெற்றார்கள். பதக்கத்தை அக்காவின் கழுத்தில் மாட்டிப் படமெடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் அவருடைய கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது.

இப்போது அவர் நிற்காமல் நான்கு சுற்று நீந்துகிறார். தம் தெருவிலிருந்து வேறு இரண்டு பெண்களையும் அழைத்து வருகிறார். நீந்தி முடித்ததும் மூவரும் தடத்தின் முனையில் தோளோடு தோள் உரசி நின்றுகொண்டு, மருமகள், மூட்டுவலி, மீன் விலை என்று பேசத் தொடங்குகிறார்கள். மூலையில் நிற்க வேண்டும் என்று பலகையில் எழுதியிருப்பது அவர்களுக்கு நேர் எதிரே இருக்கிறது. நேற்றும் நான் நீந்தி வந்து சுவரைத் தொட ஒரு சாண் இடம் தேடினேன். அக்கா முகம் மலர்ந்து சிரித்து, “வா தங்கச்சி, இன்னிக்கு எத்தனை சுற்று?” என்று கேட்டார்.